சுவர் ஈரமும் ஹீற்றிங் செலவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தை மாதம் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஈரத்தைப் பற்றியதாகவே இருக்கும். இருபத்தேழு வருடங்களாக லண்டனில் ஹீற்றிங், பிளம்பிங் வேலை செய்கிறேன். பொயிலர் பார்க்கப் போகும் வீடுகளிலும் வேலை முடியும் நேரத்தில், "அண்ணை, அந்த மூலையையும் ஒருக்கால் பாருங்கோ" என்று படுக்கையறைக்குக் கூட்டிப் போவார்கள். அதனால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் ஈரத்துக்கே தந்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, 1930களில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகளின் அறையில் வெளிச்சுவர்ப் பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. காலையில் யன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் மெசின்) வாங்கினால் ஈரமும் போகும், காஸ் பில்லும் பாதியாகும் என்று கணவரின் நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஹரோ வாசகி

பதில்: வாங்கலாம் தங்கச்சி. ஆனால் பில் பாதியாகும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

"காய்ந்த காற்று கெதியாகச் சூடாகும், அதனால் காஸ் மிச்சம்" என்று கடைகளிலும் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலமுள்ள ஒரு சாதாரண படுக்கையறையில் உள்ள காற்றின் எடை 35 கிலோ அளவில் இருக்கும். 20 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் 60 வீதமாக இருந்தால், அந்தக் காற்றில் கலந்திருக்கும் நீராவி 300 கிராம்தான். அதில் பாதியை எடுத்துவிட்டாலும் அந்த அறையைச் சூடாக்கும் செலவு உங்கள் மீற்றரில் தெரியும் அளவுக்குக் குறையாது.

மெசினையே ஹீற்றர் போலப் பாவிக்கலாம் என்பதும் அரைகுறைக் கதை. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள்தான் வருகிறது. அதற்கு மேல், நீராவி தண்ணீராக மாறும்போது லீற்றருக்கு 0.7 யூனிற் (ஒரு யூனிற் என்பது ஒரு கிலோவாற் மணி) அளவில் வெப்பத்தை விடுகிறது. ஆகவே 1 யூனிற் மின்சாரத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் எடுத்தால் உங்களுக்கு 1.7 யூனிற் வெப்பம் கிடைக்கும். நல்ல விசயம்தான். ஆனால் இதை எழுதும்போது இங்கே மின்சாரம் யூனிற் 27 பென்ஸ் அளவில், காஸ் 6 பென்ஸ் அளவில் போகிறது. மெசின் தரும் வெப்பம் யூனிற்றுக்கு 16 பென்ஸ் ஆகும். பொயிலரில் வீணாவதையும் சேர்த்தால்கூட காஸ் வெப்பம் 7 பென்ஸ்தான். வீட்டைச் சூடாக்குவது பொயிலரின் வேலையாகவே இருக்கட்டும்.

அப்படியானால் மிச்சம் எங்கே? ஈரத்துக்குப் பயந்து நாள் முழுக்க யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே ஹீற்றிங்கும் போடும் வீடுகளில் மிச்சமுண்டு. ரேடியேற்றரில் உடுப்புப் போட்டு, அது காய்வதற்காகவே ஹீற்றிங்கைக் கூட்டும் வீடுகளில் மிச்சமுண்டு. டிரையர் பாவிக்கும் வீடுகளில் இன்னும் அதிகம்: பழைய வகை டிரையர் ஒரு தடவைக்கு 4, 5 யூனிற் எடுக்கும். சின்ன அறையில் கொடியை விரித்து, கதவைச் சாத்தி, 200 வாற் மெசினை ஏழு மணித்தியாலம் விட்டால் 1.4 யூனிற்றில் அதே உடுப்பு காய்ந்துவிடும். இன்னொன்று, நனைந்த செங்கல் காய்ந்த செங்கலைவிட வெப்பத்தை அதிகமாக வெளியே விடும். சுவர் காய்ந்தால் அந்த இழப்பும் குறையும். அதற்கு மாதக்கணக்காகும்.

இனி அந்தப் பூஞ்சணத்துக்கு வருவோம். போன மார்கழியில் இதே மாதிரி ஒரு வீட்டுக்குப் போனேன். வெளிச்சுவரோடு ஒட்டி ஆளுயர அலுமாரி. இரண்டு பேராகப் பிடித்து முன்னுக்கு இழுத்தோம். பின்பலகை முழுக்க மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பலகையில் விரலை வைத்தால் உள்ளே போனது. அலுமாரியின் அடித்தட்டில் பெட்டியோடு இருந்த கூறைச்சேலையின் கரையிலும் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டார்.

நடுச்சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை. அலுமாரிக்குப் பின்னால் மட்டும் ஏன்? அறைக் காற்று 20 பாகையில் 65 வீத ஈரத்தோடு இருந்தால், 13 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்த இடத்திலும் அது தண்ணீராகப் படியும். தை மாதத்தில் வெளிச்சுவரின் மூலையும், சூடு போய்ச் சேராத அலுமாரி மறைவும் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். பூஞ்சணத்துக்கு ஓடும் தண்ணீர்கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்று நாட்கணக்காக 80 வீதத்தில் இருந்தாலே போதும்.

அதனால் மெசினுக்கு முன்பு பத்துப் பவுணுக்கு ஈரமானி ஒன்று வாங்கிப் பிள்ளைகளின் அறையில் வையுங்கள். ஒரு கிழமை காலையும் இரவும் அது காட்டும் வீதத்தை எழுதுங்கள். 60க்குக் கீழே நின்றால் உங்கள் பிரச்சினை அறைக் காற்றில் இல்லை. அந்தச் சுவர் குளிர்ந்திருக்கலாம், அல்லது வெளியிலிருந்து நனையலாம். கூரைப் பீலி உடைந்திருக்கிறதா, சுவரடியில் மண் உயர்ந்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். சுவரில் ஒரு துண்டு பிளாஸ்ரிக் தாளை நான்கு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுவதும் நல்ல சோதனை. தாளின் உட்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றிலிருந்து. முதல் வகைக்கு மெசின் மருந்தாகாது.

ஈரமானி 70, 75 காட்டினால் வாங்குங்கள். மெசினை 55 வீதத்தில் வையுங்கள், 40க்கு இறக்க வேண்டாம். தொண்டை வறளும், மரம் வெடிக்கும், மெசின் நிற்காமல் ஓடும். மேல்மாடி லாண்டிங்கில் வைத்து அறைக் கதவுகளைத் திறந்துவிட்டால் எல்லா அறைக்கும் ஓரளவு வேலை செய்யும். நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் 32 பென்ஸ், மாதம் பத்துப் பவுண். பூஞ்சணத்தை மெசின் கொல்லாது, வளரவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். பிடித்ததை நீங்கள்தான் பூஞ்சணக் கொல்லி போட்டு ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த தும்புத்தடியால் தட்டாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை வேறு அறையில் விடுங்கள். பிறகு அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கடையில் கொம்பிரசர் வகை, டெசிகன்ட் வகை என்று இரண்டு காட்டுகிறார்கள். இணையத்தில் 30 பவுணுக்கும் ஒன்று இருக்கிறது. கராஜை அறையாக்கி அதில் சாமான்கள் வைத்திருக்கிறோம். எதை எடுப்பது?
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: 30 பவுண் மெசினை விடுங்கள் ஐயா. அதற்குள் கொம்பிரசர் இல்லை, சின்னக் குளிர்த் தகடு ஒன்று மட்டும் உண்டு. நாள் முழுக்க ஓடி ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் எடுக்கும். ஒரு தடவை துவைத்த உடுப்பிலேயே இரண்டு லீற்றர் தண்ணீர் இருக்கிறது.

கொம்பிரசர் வகை ஃபிரிட்ஜைப் போல: குளிர்ந்த குழாயில் காற்றைப் படவைத்து ஈரத்தைத் தண்ணீராக்கும். ஆட்கள் இருக்கும், 18, 20 பாகையில் வைத்திருக்கும் வீட்டுக்கு அதுதான் சிக்கனம். 15 பாகைக்குக் கீழே போனால் குழாயில் பனி கட்டத் தொடங்கும். அதை உருக்குவதிலேயே நேரமும் மின்சாரமும் போகும். டெசிகன்ட் வகையில் சியோலைற் என்ற பொருள் பூசிய சக்கரம் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே உள்ள ஹீற்றர் அதைக் காயவைக்கும். குளிரிலும் நன்றாக ஓடும், வெளியே விடும் காற்றும் சூடாக இருக்கும், ஆனால் 300 முதல் 600 வாற்றுக்கு மேலேயும் இழுக்கும். உங்கள் கராஜில் ரேடியேற்றர் இல்லை என்றால் டெசிகன்ட். ரேடியேற்றர் இருந்தால் கொம்பிரசர்.

பெட்டியில் "12 லீற்றர்" என்று இருப்பதைப் பார்த்து வீட்டுக்கு 12 லீற்றர் வரும் என்று எண்ண வேண்டாம். கொம்பிரசர் மெசின்களின் அந்த எண்ணைப் பெரும்பாலும் 30 பாகை, 80 வீத ஈரத்தில் அளக்கிறார்கள். லண்டன் அறை ஒன்றில் அதில் பாதி வந்தாலே பெரிது. வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தூசி எடுங்கள். மெசினுக்கு மேல் உடுப்புப் போடாதீர்கள். சுவர்ப் பிளக்கில் நேரடியாகக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமி இருக்கிறார். கிழமையில் நான்கு நாள் புட்டும் இடியப்பமும் அவிப்பார். குசினிச் சுவரில் தண்ணீர் ஓடுகிறது. குளிர் வந்துவிடும் என்று யன்னலைத் திறக்க விடமாட்டார். வெளியே மழை பெய்யும்போது திறந்தால் இன்னும் ஈரம்தானே வரும் என்கிறார். மெசின் வாங்கிக் குசினியில் வைத்தால் சரிவருமா?
– டூட்டிங் வாசகி

பதில்: மாமியின் பயம் எனக்கு நன்றாக விளங்கும். 1991இல் வந்தபோது ஈஸ்ட் ஹாமில் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். சிலிண்டர் வைத்து எரிக்கும் காஸ் ஹீற்றர் ஒன்று. சுவரில் காற்றுப் போக இருந்த துவாரத்தைப் பத்திரிகை திணித்து நானே அடைத்தேன். சிலிண்டர் காஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் நீராவியாக அறைக்குள் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைவிட, அந்தத் துவாரம் உயிர் காப்பதற்காக இருந்தது என்பதும் தெரியாது. ஊரிலிருந்து அம்மா தந்துவிட்ட சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இருந்தது. மாசியில் திறந்தபோது என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சையாக இருந்தன. அதிபரின் கையெழுத்து இருந்த இடம் விரலோடு வந்துவிட்டது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு நான் எந்த வீட்டிலும் முதலில் பார்ப்பது காற்றுத் துவாரத்தைத்தான்.

மழை நாளைப் பற்றி மாமிக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். குளிர்ந்த காற்றால் ஈரத்தை அதிகம் சுமக்க முடியாது. வெளியே 5 பாகையில் மழை பெய்தாலும் ஒரு கன மீற்றர் காற்றில் 6 கிராம் நீராவிதான் இருக்கும். உங்கள் குசினியில், சமைக்காத நேரத்திலேயே, 11 கிராம் இருக்கும். வெளிக்காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதன் 35 வீதமாக இறங்கிவிடும். மழைக்காற்றுத்தான், ஆனாலும் சூடான வீட்டுக்குள் அது காய்ந்த காற்று.

குளிர் வருவது? அவித்து முடித்ததும் யன்னலை அகலத் திறந்து பத்து நிமிடத்தில் சாத்துங்கள். அவ்வளவு நேரத்தில் சுவரும் சாமானும் குளிராது, காற்று மட்டும்தான் மாறும். அந்தக் காற்றைத் திரும்பச் சூடாக்க ஆகும் காஸ் ஒரு பென்ஸ் அளவுதான். யன்னலை ஒரு விரல் அளவு நீக்கி நாள் முழுக்க விடுவதுதான் செலவு: சுவர் குளிரும், ஈரம் அந்தக் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும்.

என் வீட்டிலேயே ஒருநாள் அளந்து பார்த்தேன். இடியப்பப் பானையில் ஒன்றரை லீற்றர் விட்டோம். ஆறு பேருக்கு அவித்து முடிந்தபோது ஒரு லீற்றருக்குக் குறைவாக இருந்தது. குறைந்தது அத்தனையும் நீராவி. காஸ் அடுப்பு என்றால் எரியும் சுவாலையே ஒவ்வொரு யூனிற்றுக்கும் 150 மில்லிலீற்றர் தண்ணீரைச் சேர்க்கும். மெசினால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, அது மணித்தியாலத்துக்கு ஒரு தம்ளர் எடுக்கும் சாமான். எண்ணெய்ப் புகை போய் அதன் வடிகட்டியும் கெட்டுவிடும். குசினியில் வைக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது வெளியே தள்ளும் விசிறி. அடுப்புக்கு மேல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா? அதன் குழாய் வெளிச்சுவருக்குப் போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். பல பிளாற்களில் உள்ளது கரி வடிகட்டியில் மணத்தை மட்டும் பிடித்து, நீராவியை அப்படியே திரும்ப அறைக்குள் விடும் வகை. இரைச்சல் கேட்கும், ஈரம் போகாது. குழாய் வெளியே போகும் விசிறியை அடுப்புப் பற்றவைக்கும்போதே போட்டு, இறக்கிய பிறகும் இருபது நிமிடம் விடுங்கள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு அவிக்கச் சொல்லுங்கள். கதவு திறந்திருந்தால் அந்த நீராவி மாடியேறி, வீட்டில் எந்த அறை ஆகக் குளிர்ந்ததோ அங்கே போய் நிற்கும். பெரும்பாலும் அது மாமியின் அறையாகவே இருக்கும். பழைய ஆட்கள் அறை ரேடியேற்றரைப் பூட்டிவைப்பார்கள். அந்த அறையை 16 பாகையிலாவது வைத்திருக்கச் சொல்லுங்கள்.

புட்டு அவிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். பிழை சமையலில் இல்லை, விசிறி இல்லாத குசினியில்.

கேள்வி: வீட்டுச் சங்கத்தின் (ஹவுசிங் அசோசியேஷன்) பிளாற்றில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு வருடமாகப் பூஞ்சணம். முறைப்பாடு செய்தால் "உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம், டீஹியூமிடிஃபையர் வாங்குங்கள்" என்கிறார்கள். குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை.
– குரொய்டன் வாசகி

பதில்: அம்மா, முதலில் குழந்தையை வைத்தியரிடம் காட்டி, வீட்டில் பூஞ்சணம் இருப்பதையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

2020 மார்கழியில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குடும்பமும் வீட்டுச் சங்கத்தின் பிளாற்றில்தான் இருந்தது. பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார்கள். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் முடிவானது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே இப்போது சட்டம் இருக்கிறது. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு (கவுன்சில், வீட்டுச் சங்க வாடகை வீடுகள்) அது நடைமுறையில் உள்ளது. உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்து 3 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். ஆபத்து உறுதியானால் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும்.

"வாழ்க்கை முறை" என்ற பதிலுக்கும் பதில் இருக்கிறது. வீடமைப்பு முறைப்பாடுகளை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மன் 2021 ஒக்ரோபரில் ஈரம், பூஞ்சணம் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே "இது வாழ்க்கை முறை அல்ல" என்பதுதான். மூச்சு விடுவதும் குளிப்பதும் சமைப்பதும் பிழையல்ல. வீட்டுச் சங்கத்தின் உள் முறைப்பாடு முடிந்தும் தீரவில்லை என்றால் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

தொலைபேசியில் சொல்லாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். திகதியோடு படம், ஈரமானியின் எண், குழந்தையின் வைத்தியக் குறிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மெசின் போடுவதானால் இவற்றை எடுத்த பிறகு போடுங்கள்; சுவர் காய்ந்திருக்கும் நாளில் ஆள் வந்து பார்த்து "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனதை நான் கண்டிருக்கிறேன். குழாய் வெடித்து அவர்களே பெரிய மெசின் கொண்டுவந்து வைத்தால், மின்சாரச் செலவைத் தரும்படி அன்றே எழுதிக் கேளுங்கள். வைக்கும்போதும் எடுக்கும்போதும் மீற்றரைப் படமெடுங்கள்.

தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களும் இதையே கேட்டிருந்தீர்கள். வாழத் தகுந்த வீடாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் உண்டு. உள்ளூர்க் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதியை வந்து பார்க்கச் சொல்லலாம்.

கேள்வி: மெசினில் சேரும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு விடலாமா?
– வெம்பிளி வாசகர்

பதில்: சாப்பிடும் செடிக்கு வேண்டாம். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அறைத் தூசியும் பூஞ்சண வித்தும் கிருமியும் அதில் இருக்கும். கழிவறையில் ஊற்றுங்கள். தொட்டியையும் கிழமைக்கு ஒருக்கால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அப்பாவின் புத்தகங்களும் காணி உறுதிகளும் மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கின்றன. இங்கிருந்து ஒரு மெசின் அனுப்பட்டுமா?
– மில்டன் கீன்ஸ் வாசகர்

பதில்: மின்சாரம் இங்கும் அங்கும் 230 வோல்ற், ஓடும். மேலே சொன்ன அந்த 30 பாகை, 80 வீதம் ஊர் மழைக்காலத்துக்கு மிக அருகில் வருகிறது. பெட்டியில் எழுதிய 12 லீற்றர் அங்கேதான் உண்மையாக வரும். ஆனால் ஊர் வீட்டில் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், கூரையில் ஓட்டு இடைவெளி. எடுக்க எடுக்க வெளியிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். மூடக்கூடிய ஓர் அறை இருந்தால் மட்டும் பயன். அந்த அறையும் மெசின் விடும் வெப்பத்தில் இன்னும் புழுங்கும், அப்பா அதற்குள் இருக்க முடியாது.

உறுதிகளுக்கு மெசின் தேவையில்லை. றப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல் பொதிகளும் போதும். ஆடி, ஆவணியில் காற்றுக் காய்ந்திருக்கும்போது, நிழலில் ஒரு நாள் விரித்துவைத்து அடுக்கச் சொல்லுங்கள். சேர்த்துக் கட்டிய நூலையும் துருப்பிடித்த ஊசிகளையும் எடுத்துவிட வேண்டும். மூடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் பின்பக்கத்து முத்திரையோடு போனில் படமெடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.